டோபமைன் குளிசையால் கணக்குத் தெளிகிறது, நிதானம் குறைகிறது: ஏன்?

கேள்வி: உப்புவெளி வாசகி

வணக்கம். எங்கள் அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எழுபது வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த குளிசையை எடுத்து வருகிறார். நடுக்கத்துக்கெனப் பென்செக்சோலும் உண்டு. இந்த ஆண்டின் தொடக்கத்தில் கிளினிக்கில் மருந்தை மாற்றி எழுதிய பிறகு அவருடைய நடை வெகுவாகத் திருந்தியிருக்கிறது. மாலையில் உட்துறைமுக வீதியில் ஒரு சுற்று நடந்து வருகிறார். சட்டைப் பொத்தானைத் தானே பூட்டிக்கொள்கிறார். நான் கேட்க வந்தது உடம்பைப் பற்றியது அன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் அவரும் பழைய சகாக்கள் மூவரும் 304 விளையாடுவது வழக்கம். விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தம் 32 கடுதாசிகள், ஒவ்வொரு வகைக்கும் 76 புள்ளிகள், நான்கு வகையும் சேர்ந்தால் 304. எந்தத் துரும்பு விழுந்துவிட்டது, எது எவருடைய கையில் இன்னும் மறைந்திருக்கிறது, நம் பக்கத்துக்கு எத்தனை புள்ளி சேர்ந்தது என்பவற்றையெல்லாம் எழுதாமல் மனத்திலேயே வைத்திருக்க வேண்டும். குளிசை எடுக்கும் நேரம் பிந்தினால் அப்பா பாதி ஆட்டத்திலேயே அந்தக் கணக்கைத் தவற விடுகிறார். ஏற்கெனவே விழுந்துவிட்ட துரும்பு ஒன்பது இன்னும் வெளியே இருப்பதாக எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார். குளிசை வேலை செய்யத் தொடங்கியதும் கணக்கு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அதே வேளையில், முன்பு ஒருபோதும் செய்யாத ஒன்றையும் செய்கிறார். கையில் போதிய கடுதாசி இல்லாமலே, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று 200க்கு மேல் கேட்கிறார், தோற்கிறார், அடுத்த கையிலும் அதே துணிச்சலோடு கேட்கிறார். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பித்த மனிதர் இவர்.

ஒரே குளிசை நினைவைத் தெளியச் செய்து, நிதானத்தை மட்டும் குறைக்க முடியுமா? லெவோடோபா மூளையில் டோபமைனாக, அதாவது நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஒரு வேதிப்பொருளாக மாறுகிறதாம். அந்த டோபமைன் கூடினால் மூளை கூடுதலாக வேலை செய்யும் என்று இணையத்தில் எல்லாரும் எழுதுகிறார்களே, அது உண்மையா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: புறணி

சகோதரி, நான் நரம்பியல் ஆய்வுத்துறையில் பணியாற்றுபவன். தங்கள் தந்தையாருக்கு வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் தாங்கள் விறாந்தையில் இருந்தபடி கவனித்த அந்த இரண்டு விடயங்களும் ஆய்வுக்கூடங்களில் தனித்தனியாக அளந்து பார்க்கப்பட்டவை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நினைவுப் பக்கம். கையில் எழுதாமல் சில நொடிகளோ நிமிடங்களோ ஒரு தகவலைப் பிடித்துவைத்து, அதைக்கொண்டு வேலையும் செய்யும் ஆற்றலைச் செயற்படு நினைவு என்கிறோம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது வேறு நினைவு. விழுந்த துரும்புகளைக் கணக்கில் வைத்திருப்பது இந்த நினைவு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணியே இதற்கு முதன்மையான இடம். 1979இல் பட்ரிசியா கோல்ட்மன்-ராக்கிச் உள்ளிட்ட ஆய்வாளர்கள், குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் டோபமைனை மட்டும் வெகுவாகக் குறைத்துப் பார்த்தபோது, அந்தப் பகுதியையே அறுத்து நீக்கியதற்கு ஏறக்குறைய நிகரான நினைவுக் குறைபாடு ஏற்பட்டதைக் கண்டார்கள். மூளைத் திசு அங்கேயே இருக்கிறது. ஒரு வேதிப்பொருள் இல்லாமற் போனதே இத்தனைக்கும் காரணம். டோபமைனை வெறும் ‘இன்ப இரசாயனம்’ என்று எழுதித் தள்ளுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைப் படித்தாலே போதும் என்பது என் கருத்து.

பிறகு வந்த சோதனைகளில், திரையில் ஓரிடத்தில் ஒளிப்பொட்டு ஒன்று மின்னி மறையும். குரங்கு சில நொடிகள் அசையாமல் காத்திருந்து, பின்னர் அந்த இடத்தை நோக்கிக் கண்ணைத் திருப்ப வேண்டும். பொட்டு மறைந்த பின்னரும், அந்த இடத்துக்குரிய நரம்புக்கலங்கள் முன்நெற்றிப் புறணியில் தொடர்ந்து துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பே நினைவு. 1991இல் சவாகுச்சியும் கோல்ட்மன்-ராக்கிச்சும் அதே பகுதியில், டோபமைன் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகையான டி1 வாங்கிகளைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். குரங்கு இடத்தை மறந்தது. ஆனால் 1995இல், டி1 வாங்கிகளை மிகச் சிறிதளவு மட்டும் தடுத்தபோது, நினைவில் வைத்திருக்க வேண்டிய இடத்துக்குரிய துடிப்பு முன்னைவிடக் கூர்மையாயிற்று என்று வில்லியம்சும் கோல்ட்மன்-ராக்கிச்சும் எழுதினார்கள். தடையைக் கூட்டினால் அது மங்கிவிட்டது. திருக்கடலூர்க் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது, சுற்றியிருக்கும் வீண் பேச்சு அடங்கினால்தான் விலை கேட்பவரின் குரல் காதில் விழும். எல்லாக் குரலும் அடங்கிவிட்டால் ஏலமே இல்லை. டி1 வாங்கியின் வேலையும் ஏறக்குறைய இதுதான்: அளவாகத் தூண்டப்பட்டால் தேவையற்ற துடிப்புகள் அடங்கும், அளவு மீறினால் தேவையான துடிப்பும் சேர்ந்து அடங்கிவிடும்.

ஆகவே டோபமைனுக்கும் செயற்படு நினைவுக்கும் உள்ள தொடர்பை வரைந்தால், ‘ப’ எழுத்தைக் கவிழ்த்தாற் போன்ற ஒரு வளைவு கிடைக்கிறது. குறைவும் கெடுதி, மிகுதியும் கெடுதி, நடுவில் ஒரு மேடு. எந்த மருந்தையும் ‘நினைவைக் கூட்டும்’ என்றோ ‘குறைக்கும்’ என்றோ பொதுவாகச் சொல்ல முடியாமைக்கு இதுவே காரணம். எடுப்பவர் அந்த வளைவில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே அளவு மருந்து ஒருவரை மேட்டின் உச்சிக்கு ஏற்றும், இன்னொருவரை மறுபக்கச் சரிவில் இறக்கிவிடும்.

இனித் தாங்கள் கேட்ட இரண்டாவது விடயம். மூளை முழுவதற்கும் சேர்த்து ஒரே வளைவு இருப்பதில்லை. பகுதிக்குப் பகுதி அது வேறுபடும். பார்க்கின்சன் நோயில் டோபமைன் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைவதில்லை. மூளையின் ஆழத்திலுள்ள வரித்திண்மத்தின் மேற்பகுதி, அதாவது அசைவையும் திட்டமிடலையும் தாங்கும் பகுதி, முதலில் வறண்டுபோகிறது. வெகுமதியையும் இழப்பையும் எடைபோடும் கீழ்ப்பகுதியில் நோயின் முற்காலத்தில் டோபமைன் ஓரளவு மிஞ்சியே இருக்கிறது. குளிசையோ இந்த வேறுபாட்டை அறியாது. மேற்பகுதிக்குப் போதுமான அளவு கீழ்ப்பகுதிக்கு மிகையாகிவிடுகிறது. 1988இல் கோத்தம், பிரவுன், மாஸ்டன் ஆகியோர் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். பின்னர் ரோஷன் கூல்ஸ் முதலானோர் அதை வலுவாக்கினார்கள்.

கடுதாசி மேசைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 2004இல் மைக்கல் ஃபிராங்க்கும் உடன் ஆய்வாளர்களும், பார்க்கின்சன் நோயாளரை மருந்தோடும் மருந்தில்லாமலும் ஒரு தெரிவு விளையாட்டில் ஈடுபடுத்தினார்கள். மருந்து இல்லாத நிலையில் அவர்கள் தோல்வியிலிருந்தே கூடுதலாகக் கற்றார்கள். மருந்து எடுத்த நிலையில் வெற்றியிலிருந்து நன்றாகக் கற்றார்கள்; தோல்வி கற்பித்த பாடம் மட்டும் பதியவில்லை. எதிர்பார்த்தது கிடைக்காத கணத்தில் டோபமைன் சட்டென்று தாழ வேண்டும், அந்தத் தாழ்வுதான் ‘இனி இப்படிச் செய்யாதே’ என்ற செய்தி. மருந்து எப்போதும் ஓரளவு டோபமைன் தூண்டலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தாழ்வு சரியாக நிகழாது என்பது அவர்கள் தந்த விளக்கம். தங்கள் தந்தையார் 200க்கு மேல் கேட்டுத் தோற்று, மறுபடியும் கேட்பது எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது. கணக்கு தெரிகிறது, தோல்வி உறைக்கவில்லை.

கூடுதல் டோபமைன் என்றால் மூளை கூடுதலாக வேலை செய்யும் என்ற பேச்சைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய ஆய்வுகளின் எம்.ஆர்.ஐ. ஸ்கானிலும் பெட் ஸ்கானிலும் நாம் காண்பது பெரும்பாலும் இரத்த ஓட்டத்தின் மாற்றத்தையே. பார்க்கின்சன் நோயாளர்கள் மருந்தில்லாமல் நினைவுச் சோதனை செய்யும்போது முன்நெற்றிப் புறணி மிகையாகவும் பரவலாகவும் ஒளிர்கிறது. லெவோடோபா எடுத்த பிறகு அந்த ஒளிர்வு குறைந்து ஒடுங்குகிறது. 2002இல் வெளியான இரண்டு வெவ்வேறு ஆய்வுகளில் இத்தகைய முடிவே கிடைத்தது. குறைந்த உழைப்பில் அதே வேலையை முடிப்பதே நல்ல நிலை. ஆகவே ஸ்கான் படத்தில் சிவப்பு கூடினால் மூளை திறம்பட இயங்குகிறது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதில்: தம்பலகாமத்தான்

ஐயா, இடையில் புகுந்து கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மருமகன் அடுத்த முறை உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். உடன் படிக்கும் பிள்ளை ஒன்று, கவனக்குறைவுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் குளிசையை எடுத்துவிட்டு இரவிரவாகப் படிக்கிறதாம். தனக்கும் வேண்டும் என்று நிற்கிறான். நோய் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குளிசை நினைவைக் கூட்டுமா?

பதில்: புறணி

சகோதரரே, அந்தக் குளிசை, வெளிவிடப்பட்ட டோபமைனையும், அதைப் போன்ற மற்றொரு செய்திப்பொருளான நொரட்ரினலினையும் நரம்புக்கலம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுக்கிறது. வைத்தியர் பார்த்து, உரிய பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது அது நல்ல மருந்து. நோயற்றவருக்கு என்ன செய்யும் என்பது, நான் மேலே சொன்ன வளைவுக்கே திரும்புகிறது.

2000இல் மித்துல் மேத்தாவும் குழுவினரும் இங்கிலாந்தில் நலமான இளைஞர்களுக்கு 40 மில்லிகிராம் கொடுத்துப் பெட் ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் சோதனையில் பிழைகள் குறைந்தன. முன்நெற்றியிலும் உச்சிப் பகுதியிலும் இரத்த ஓட்டமும் கூடவே குறைந்தது. ஆனால் பயன் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. மருந்தில்லாதபோது செயற்படு நினைவு குறைவாக இருந்தவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். 1997இல் கிம்பேர்க், டி'எஸ்போசிட்டோ, ஃபாரா ஆகியோர் புரோமோகிரிப்டின் என்ற மற்றொரு டோபமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது முடிவு இன்னும் வெளிப்படையாக இருந்தது: நினைவுத் திறன் குறைந்த மாணவர்கள் மேம்பட்டார்கள், திறன் மிகுந்த மாணவர்கள் பின்தங்கினார்கள். உயர்தரத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளை இரண்டாவது கூட்டத்தில் இருக்கவே வாய்ப்பு மிகுதி.

2003இல் இதற்குப் பரம்பரை அலகு சார்ந்த விளக்கமும் ஒன்று வந்தது. முன்நெற்றியில் டோபமைனைச் சிதைக்கும் சிஓஎம்டி என்ற நொதியம் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்கும். வேகமாகச் சிதைப்பவர்களுக்கு, டோபமைனைக் கூட்டும் அம்ஃபெட்டமின் என்ற மருந்து உதவிற்று. மெதுவாகச் சிதைப்பவர்கள் கடினமான சோதனையில் தடுமாறினார்கள். அழகான முடிவுதான், ஆனால் அந்தப் பரம்பரை அலகுக்கும் அறிவாற்றலுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, ஒருவேளை இல்லவே இல்லை என்று 2008இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. எனவே அதைக்கொண்டு எவருக்கும் குறி சொல்ல முடியாது.

மேலும் அந்த மருந்தினால் தூக்கம் கெடும். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது பெருமளவு தூக்கத்தில்தான். இரவைப் பறித்துப் படிப்பைக் கூட்டுவது எந்தக் கணக்கிலும் ஆதாயமாகத் தெரியவில்லை. கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்தை வைத்தியரின் துண்டில்லாமல் கைமாற்றி எடுப்பது சட்டப்படியும் குற்றம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பதில்: கோணேசபுரி மாணவி

அக்கா, நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்கிறேன். நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதைச் சூரணம் நல்லது என்று யாராவது கொடுத்து, அப்பா அதையும் எடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இயற்கை மருந்துதானே என்று பலர் கிளினிக்கில் சொல்வதில்லை. பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாவே. 1937இலேயே சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். விதையின் நிறையில் ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு வரை அது இருக்கலாம். ஒரு கரண்டித் தூளில் எவ்வளவு என்பது விதைக்கு விதை வேறுபடும். குளிசையோடு இதுவும் சேர்ந்தால் அளவு எங்கே போய் நிற்கிறது என்று எந்த வைத்தியராலும் கணிக்க முடியாது. எங்கள் மருத்துவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மருந்து என்றால் அதற்கும் அளவு உண்டு என்றே சொல்கிறேன்.

பதில்: பாமசிக்காரர்

இவர்கள் சொன்னவற்றோடு, மருந்து கொடுக்கும் மேசையில் நின்று பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பென்செக்சோல் டோபமைனைத் தொடாது, அசற்றைல்கோலின் என்ற வேறொரு செய்திப்பொருளைத் தடுக்கும். நடுக்கத்துக்கு அது உதவினாலும், முதியவர்களின் நினைவை மங்கச் செய்வதிலும் குழப்பம் உண்டாக்குவதிலும் பெயர்போனது. வயதானவருக்கு நினைவுத் தடுமாற்றம் என்றால் நான் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். அதைத் தொடர வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பது முறையான கேள்வியே.

குளிசை எடுக்கும் நேரத்தையும் பாருங்கள். லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் வழியில், உணவின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. மதியம் மீன்குழம்பும் பருப்பும் நிறையச் சாப்பிட்ட கையோடு குளிசையை விழுங்கினால், அது பிந்தியும் குறைந்துமே மூளையை அடையும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னர் எடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் அதையும் இதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஞாயிறு ஆட்டத்தில் கணக்குத் தவறும் நாள்களில் மதியச் சாப்பாடு எப்போது நடந்தது என்று பார்த்தால் ஒருவேளை விடை கிடைக்கும்.

வாந்திக்கு மெட்டோகுளோப்பிரமைட் கொடுக்கவே வேண்டாம். அது மூளைக்குள் நுழைந்து டோபமைனின் டி2 வாங்கிகளை அடைத்து, பார்க்கின்சனைக் கூட்டிவிடும். டொம்பெரிடோன் மூளைக்குள் பெரிதாக நுழைவதில்லை. ஆனால் அதுவும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் கேட்காமல் வாங்கக் கூடாது.

இனி நான் கேட்க விரும்புவது. ஆண்டுத் தொடக்கத்தில் மருந்தை மாற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது லெவோடோபாவைக் கூட்டியது மட்டுமா, அல்லது பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பெயர்களில் ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா? கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். இவை டோபமைனைப் போலவே வாங்கிகளில் போய் ஒட்டிக்கொள்பவை. வெகுமதிப் பகுதியில் செறிந்துள்ள டி3 வாங்கிகளில் குறிப்பாக ஒட்டும். 2010இல் வெளியான, 3,090 பார்க்கின்சன் நோயாளரைப் பார்த்த வட அமெரிக்க ஆய்வில், இந்த வகை மருந்தை எடுத்தவர்களில் 17.1 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், அளவுமீறிய கொள்வனவு, தின்றுகொண்டே இருத்தல் போன்ற அடக்க முடியாத பழக்கங்கள் காணப்பட்டன, எடுக்காதவர்களில் 6.9 விழுக்காடு. கடுதாசியில் கேள்வி எகிறுவது சிறு விடயம். கடுதாசிக்கு வெளியே ஏதும் மாறியிருக்கிறதா? அதிட்டலாபச் சீட்டு வாங்குகிறாரா? இந்தக் கேள்வி உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம், ஆனாலும் கேட்காமல் விட முடியாது.

உப்புவெளி வாசகி

அனைவருக்கும் நன்றி. பூனைக்காலி எடுப்பதில்லை, கேட்டுவிட்டேன். கொப்பியைத் திறந்து பார்த்தேன். லெவோடோபாவின் அளவில் மாற்றமே இல்லை. பிரமிபெக்சோல் என்று ஒரு புதிய வரி இருக்கிறது. பிறகு வந்த கிளினிக்கில் அதைக் கூட்டியும் எழுதியிருக்கிறார்கள். நடை திருந்தியது அதனால்தான் என்று இப்போது விளங்குகிறது.

அதிட்டலாபச் சீட்டைப் பற்றி நேரே கேட்க மனம் வரவில்லை. அம்மாவிடம் விசாரித்தேன். அப்பாவின் மேசை லாச்சியில், பழைய கணித வினாத்தாள்களுக்கு அடியில், திகதி வாரியாக அடுக்கி றப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டுகள் இருக்கின்றனவாம். வாழ்நாளில் ஒன்றுகூட வாங்காதவர். ஓய்வூதியம் எடுக்கும் அட்டை அவரிடமே இருக்கிறது. அடுத்த கிளினிக் வருவதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. இந்தக் குளிசையை இன்றே நிறுத்தி விடட்டுமா?

பதில்: பாமசிக்காரர்

நிறுத்த வேண்டாம், அக்கா. தானாக நிறுத்துவதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. இந்த வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான ஏக்கம் எல்லாம் சேர்ந்து வரக்கூடும். லெவோடோபாவையும் பயத்தில் சேர்த்து நிறுத்தினால் கடும் காய்ச்சலும் தசை விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைத்து, தேவையானால் லெவோடோபாவைச் சரிசெய்வார்.

ஆனால் கிளினிக் நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரத்திலேயே கொப்பியோடு போய், முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், கணக்குத் தவறிய நேரம், 200க்கு மேல் கேட்ட நேரம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், வைத்தியருக்கு அது எந்த ஸ்கானையும்விட உதவும்.

பதில்: புறணி

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சீட்டுக் கட்டைக் கண்டு தந்தையாரின் குணம் மாறிவிட்டதாக வீட்டில் எவரும் எண்ண வேண்டாம். அவரிடமும் அப்படிப் பேச வேண்டாம். மருந்தைக் குறைத்ததும் பெரும்பாலானோருக்கு இந்தப் பழக்கம் தணிகிறது. அதுவரை வங்கி அட்டையை அம்மா வைத்திருக்கட்டும். மருந்தின் விளைவு என்று எடுத்துச் சொன்னால், கணித ஆசிரியர் விளங்கிக்கொள்வார் என்றே நினைக்கிறேன். ஞாயிறு ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். மருந்து மாற்றம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல சோதனை அங்கே வேறில்லை.